மருந்துப் பெட்டியில் இருந்த சர்க்கரை

காலஞ்சென்ற ஷோமு சக்கரவர்த்தியின் நினைவாக, 756-ஆம் ஆண்டில் அவருடைய பட்டமகிஷி நாரா நகரத்துத் தோதாய்ஜி விகாரத்துக்குச் சமர்ப்பித்த ஔஷதங்களின் பட்டியல் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அபூர்வமான வேர்களுக்கும் தாதுக்களுக்கும் நடுவே அதில் சர்க்கரையும் ஒரு மருந்தாக இடம்பெற்றிருப்பதைக் காணும்போது, ஜப்பானியர் இனிப்பைக் கையாளும் நிதானத்துக்கு மூலகாரணம் ஒருவாறு விளங்கத் தொடங்குகிறது.

கடல் கடந்து வந்த சர்க்கரை கிட்டாத பொருளாயிருந்த அந்நாளில், அமட்ஸுரா என்னும் கொடியின் சாற்றைக் காய்ச்சிய பாகுதான் பிரபுக்களின் நாவுக்கு இனிப்பூட்டியது. 1000-ஆம் ஆண்டையொட்டி அரண்மனையில் சேவகம் புரிந்த ஸேய் ஷோனாகோன் என்ற மாதரசி, மேன்மையான வஸ்துக்களைத் தம் குறிப்புகளில் அடுக்கிச் செல்கையில், புதிய உலோகக் கிண்ணத்தில் சீவிய பனிக்கட்டியின்மேல் அந்தப் பாகை வார்த்ததையும் சேர்த்திருக்கிறார். பின்னர் போர்ச்சுகீசியர் வந்தனர். 1569-இல் லூயிஸ் ஃப்ரோய்ஸ் பாதிரியார் யுத்தப் பிரபுவான ஓடா நொபுனாகாவுக்குக் கண்ணாடிக் குப்பியில் அளித்த சர்க்கரை மிட்டாய், கொம்பெய்தோ என்ற பெயருடன் அந்நாட்டிலேயே நிலைத்துவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ராணுவ ஆட்சித் தலைவரான ஷோகுன் யோஷிமுனே கரும்புச் சாகுபடிக்கு ஊக்கமளித்ததன் பயனாக, ஷிகோகு தீவின் கிழக்குப் பகுதியில் வாஸம்போன் என்னும் உயர்தரச் சர்க்கரை உருவாயிற்று. காய்ச்சி உறையவைத்த சர்க்கரையைத் துணியில் பொதிந்து, கல்லைப் பாரமாக ஏற்றிக் கருநிறக் கசடுப் பாகை ஒழுகவிட்டு, மிஞ்சியதைச் சிறிது நீர் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மீண்டும் பாரமேற்றிப் பிழிந்து, இவ்வாறு நாட்கணக்கில் பாடுபட்ட பிறகே தந்த வண்ணமான அந்த நுண்பொடி கிடைக்கிறது. மர அச்சுகளில் பூவாகவும் இலையாகவும் அழுத்தி எடுக்கப்படும் அது, நாவில் வைத்த மாத்திரத்தில் கரைந்துவிடும். இத்தனை சிரமத்தில் விளைந்ததை யாரும் கைநிறைய அள்ளித் தின்ன மாட்டார்கள் அல்லவா?

இனிப்பைக் குறிக்கும் 'அமாய்' என்ற சொல்லிலும் இந்த எச்சரிக்கை படிந்திருக்கிறது. பிள்ளையைக் கண்டிக்காமல் இடங்கொடுக்கும் தகப்பனும், கஷ்டங்களை எண்ணாமல் போடப்பட்ட திட்டமும் அமாய் என்றே குறை கூறப்படுவதுண்டு. ஆயினும் பிறர் அன்பில் உரிமையோடு சாய்ந்துகொள்ளும் 'அமாஎ' என்னும் சுபாவத்தை, மனோதத்துவ வைத்தியரான தோய் தாகேஓ 1971-இல் வெளியிட்ட நூலில் ஜப்பானிய உள்ளத்தின் திறவுகோலாகவே விவரித்தார்.

தேநீர் உபசாரத்தில் சர்க்கரை சேராத பச்சைத் தேநீருக்கு முன்னதாகவே இனிப்பு பரிமாறப்படுகிறது. அதை முழுதும் உண்டு முடித்த பிறகே விருந்தினர் கிண்ணத்தைக் கையில் எடுப்பர். அந்த இனிப்புக்கும் பருவத்தையொட்டி ஒரு பெயர் உண்டு. இந்தப் பெயர்சூட்டலில் எனக்கு மிகவும் பிரியமானது எளிய வீட்டுப் பலகாரம் ஒன்றைப் பற்றியது. பசையரிசிச் சோற்று உருண்டையை இனிப்பிட்ட அட்ஸுகிப் பயற்று விழுதால் மூடி, சம இரவு நாளையொட்டிய ஹிகான் தினங்களில் மூதாதையருக்குப் படைக்கிறார்கள். வசந்தத்தில் அது பியோனி மலரின் பெயரால் போதாமோச்சி. இலையுதிர் காலத்தில் ஹாகிப் பூவின் பெயரால் ஓஹாகி. இலையுதிர் காலத்தில் அறுவடையான புதுப் பயற்றின் தோல் மென்மையாயிருப்பதால் அப்படியே மசித்தனர் என்றும், வசந்தம் வரும்போது தோல் தடித்துவிடுவதால் அதை நீக்கி விழுதாக்கினர் என்றும் சொல்வதுண்டு. இப்போதோ கடைகள் பலவற்றில் இரண்டையும் ஓஹாகி என்றே ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். பயற்றின் வயதைக்கூடப் பெயரில் பொதிந்து வைத்திருந்த அந்தப் பழைய பேதம் மங்கி வருவது வருத்தத்துக்குரியதுதான்.