பாட்டோடு படம், படத்தோடு பாடம்!

உங்கள் வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டுப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள். 'ஏழு பதினாறு' வந்ததும் திருதிருவென்று விழிக்கும். புதிதாக வந்த சினிமாப் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். நடுவில் வரும் வாத்தியத்தைக்கூட விடாமல் ஒப்பித்துவிடும்! ஞாபகசக்தி இல்லையென்று இனி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ள முடியாது அல்லவா?

இதே குறை அமெரிக்காவில் டேவிட் மெக்கால் என்ற விளம்பரக் கம்பெனித் தலைவருக்கும் இருந்தது. மகனுக்கு வாய்ப்பாடு மனத்தில் நிற்கவில்லை; ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் பாட்டெல்லாம் தலைகீழ்ப் பாடம். வாய்ப்பாட்டையே பாட்டாக்கச் செய்தார் மனிதர். பாப் டோரோ மெட்டமைத்தார். கார்ட்டூன் படமும் சேர்ந்தது. 1973-ல் 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' என்ற பெயரில் தொலைக்காட்சிக்கு வந்த இந்தக் குட்டிப் பாடங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை பெருக்கலும் இலக்கணமும் கற்றது.

இதற்காக அமெரிக்கா வரை போவானேன்? தென்காசிக்குப் போனால் போதாதா?

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லி கேட்க, குறத்தி தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள். மரம், குரங்கு, அருவி, மூலிகை எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. பாட்டு, ஆட்டம், பூகோளம் மூன்றும் ஒரே மேடையில்! 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் இதை நாட்டிய நாடகமாக்கினார். குற்றாலத்திலேயே சித்திர சபையின் சுவர்களில் புராணங்கள் வண்ணப் படங்களாக இருக்கின்றன. எழுத்தறியாதவருக்கும் அவை பாடம்தானே?

இன்று அந்தக் குறவஞ்சிச் செய்யுளைச் சென்னைக் குழந்தை மனப்பாடம் செய்கிறது. அருவியைப் பார்த்தறியாத அதற்கு அது வெறும் மார்க்கு. பேரருவியும் ஐந்தருவியும் திரையில் கொட்ட, அதே செய்யுளை நல்ல குரலில் கேட்டால், கண் அகல விரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! அருவியின் ஈரத்தில் சூரியனுடைய தேரே சறுக்குகிறதென்று கவிராயர் கற்பனை செய்கிறார். எந்தக் காமிராவால் அதைப் பிடிக்க முடியும்? படத்தை முதலில் காட்டிவிட்டால் அந்தத் தேர் குழந்தையின் மனத்தில் ஓடாமலே போய்விடும். கவிதையைக் காதால் அனுபவிக்க வேண்டுமென்று சொல்லிவந்தவர் ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த அந்த ரசிகரின் வழி நமக்கும் நல்ல வழி. முதலில் காது, பிறகுதான் கண்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். மனத்தில் என்ன தெரிந்ததென்று விசாரியுங்கள். அப்புறம் படத்தைக் காட்டுங்கள். நடுவே நிறுத்தி ஒரு கேள்வி போடுங்கள்: "தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தானே நல்ல மழை? குற்றாலத்தில் மட்டும் ஆனி, ஆடியில் ஏன் சாரல்?" செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதைத் தேசப்படத்தில் காட்டுங்கள். சிற்றாறு கீழே இறங்கித் தாமிரபரணியில் கலப்பதையும் விரலால் தொடரட்டும். மூன்று நிமிஷப் பாட்டில் தமிழும் விஞ்ஞானமும் பூகோளமும் முடிந்தன!

பெரியவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரிக்கு 1996-ல் ஒரு யோசனை தோன்றியது. சினிமாப் பாட்டின் வரிகளை அதே மொழியில் திரையின் அடியில் ஓடவிட்டு, பாடப் பாட எழுத்து நிறம் மாறும்படி செய்தால் என்ன? தூர்தர்ஷனில் இது நடைமுறைக்கு வந்தது. தெரிந்த பாட்டாகையால் கண் தானாகவே எழுத்தைத் தொடர்கிறது. அரைகுறையாக எழுத்துக் கூட்டும் பாட்டிக்கும், வீட்டு வேலைக்கு உதவும் அம்மாளுக்கும் சந்தோஷத்தோடு படிப்பும் வருகிறது.

நம் மாநிலப் பாடப்புத்தகங்களில் 2018 முதல் க்யூ.ஆர். கட்டம் அச்சாகி வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கைபேசியை அதன்மேல் காட்டினால் படம் ஓடும். ஆனால் படத்தை ஓடவிட்டு நாம் அடுப்பங்கரைக்குப் போய்விட்டால் அது பாடமாகாது, பொழுதுபோக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். வாத்தியாரால் முடியாத நாளில் அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாமே!