பெட்டி போச்சா, ஒயர் போச்சா?



குழுக் கடனில் கார் எடுத்து வாடகைக்கு விடும் பொள்ளாச்சிப் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் வண்டியில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். யூ0121 என்று கோடு நம்பர் வந்தது. "ஏபிஎஸ் பெட்டியே போச்சுங்க, புதுசு போடோணும்" என்றார்கள். பல மாதத் தவணைப் பணம் அது! நாங்களும் கூடப் போய் விசாரித்தோம்.

இன்றைய காரில் இன்ஜினுக்கு, பிரேக்குக்கு, ஏர்பேக்குக்கு எனத் தனித்தனியாகக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் உண்டு. 1986-ல் பாஷ் கம்பெனி அறிமுகம் செய்த 'கேன்' முறையில், இரண்டே ஒயரில் இவை பேசிக்கொள்கின்றன. 'யூ' என்று தொடங்கும் நம்பர், பேச்சு நின்றுவிட்டது என்று மட்டுமே சொல்லும். செல்போனில் பதில் வராவிட்டால் போனே உடைந்துவிட்டதா என்ன? சார்ஜ் தீர்ந்திருக்கலாம் இல்லீங்களா?

அதனால் முதலில் பேட்டரி, ஃபியூஸ், எர்த், கனெக்டர் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஸ்கேனர் சாக்கெட்டில் 6, 14-ம் பின்களில் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் சுமார் 60 ஓம் காட்டும். 120 என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கலாம். 60 சரியாக இருந்து, பெட்டிக்குக் கரண்டும் போனால்தான் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

நம் உறுப்பினர் வண்டியில் 120. தென்னந்தோப்பில் நிறுத்தும் வண்டி; எலி கடித்திருந்தது! ஒயரைச் சரிசெய்து, கோடு நம்பரை அழித்து, கிணத்துக்கடவு வரை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு மறுபடி எரியவில்லை.