மலிவு என்ற பட்டம்

லாரி பேக்கர் என்றதும் 'குறைந்த செலவு வீடு' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து அங்கேயே கட்டடக்கலை படித்தவர். தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைப் பணிக்காக 1945-ல் இந்தியா வந்தவர். கேரளத்து மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இமயத்தின் பித்தோராகட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, வாகமண் வழியாகத் திருவனந்தபுரம் வந்து 2007-ல் அங்கேயே மறைந்தவர். 1990-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தாயிற்று. ஆனால் சிக்கனக்காரர் என்று புகழ்ந்த வாயால் கலைஞர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவரை வீடுகளை வைத்து அளந்ததால் வந்த கோளாறு இது. தேவாலயங்களை வைத்து அளந்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையாரின் லயோலா வளாகத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் அமரும் இடம் வேண்டும். கையில் இருந்ததோ நன்கொடையாக வந்த 1.75 லட்சம் ரூபாய். 1970-71-ல் ஆலயம், அரங்கம், நாற்காலி, விளக்கு, ஒலி அமைப்பு எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள் முடித்தார். இதுவரை சிக்கனக் கதைதான். சுவருக்கு வந்தால் கதை மாறுகிறது. அவ்வளவு உயரச் சுவர் சாயாமல் நிற்கக் கம்பியும் கான்கிரீட்டும் போடாமல், இடைவெளி விட்டு இரண்டு செங்கல் சுவர்களை எழுப்பி, குறுக்குச் செங்கற்களால் பிணைத்தார். இரண்டிலும் தரையிலிருந்து கூரைவரை துளைகள். வெயில் அவற்றில் வடிகட்டப்பட்டு மங்கலாக உள்ளே இறங்குகிறது, காற்று தடையின்றி ஓடுகிறது. பூசாத செங்கல்லின் மேடுபள்ளம் ஒலியைச் சிதறடிப்பதால், ஒலிபெருக்கி இல்லாத பாட்டும் எதிரொலியில்லாமல் கேட்கிறது. தாங்குவதும் அலங்கரிப்பதும் ஒரே சுவர். அதில் ஒரு துளையை அடைத்தாலும் ஏதோ ஒன்று குறையும். உளி பிடிக்காதவரைச் சிற்பி என்று சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தச் சுவரையே பதிலாகக் காட்டுவேன். பேக்கர் பின்பற்றிய குவேக்கர் மரபில் பீடமும் இல்லை, சிலையும் இல்லை; மௌனமாகக் கூடியிருப்பதே வழிபாடு. அப்படிப்பட்டவர் கத்தோலிக்கர்களுக்குக் கட்டும்போது அலங்காரத்தைத் தனியாக ஒட்டாமல் சுவருக்குள்ளேயே தேடியதில் வியப்பில்லை. திருவல்லாவில் அவர் வடிவமைத்த புனித யோவான் பேராலயத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

மறுப்புகள் உண்டு, அவை அற்பமானவையும் அல்ல. கேரள மழையில் பூசாத செங்கல் பாசி பிடிக்கும், துளைச் சுவர் வழியே கொசு வரும் என்பார்கள். உண்மைதான். வீட்டில் வலை அடிக்கலாம். ஆனால் இரவெல்லாம் உறங்கும் வீட்டின் குறையைச் சில மணி நேரம் கூடிக் கலையும் ஆலயத்தின் மீது ஏற்றுவது முறையல்ல. கனமான மறுப்பு கூலியைப் பற்றியது. சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகும் பணம் கொத்தனார் கைக்குப் போகட்டும் என்பது பேக்கர் கணக்கு. இன்று கேரளத்தில் கூலி உயர்ந்துவிட்டது (உயர்ந்தது நல்லதே), செங்கல்லைப் பூச்சின்றி நேர்த்தியாக அடுக்கத் தெரிந்தவர்களும் அரிதாகிவிட்டார்கள். ஆகவே அவர் முறை எப்போதும் மலிவு என்று இனிச் சொல்ல முடியாது. மலிவுக்காக மட்டும் அவரைக் கொண்டாடியவர்களுக்கு இது சங்கடம்தான். ஆனால் லயோலாவின் வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் கூலி விகிதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.