பழைய அம்பாசிடருக்கு 65,000 ரூபாயில் ரீபில்ட் என்ஜின்: உண்மையில் எவ்வளவு ஆகும்?



ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நேயர் அனுப்பிய கேள்வி இது. "தாத்தாவோட அம்பாசிடர் வீட்டுல நிக்குது. 1970கள்ல வாங்கின வண்டி. என்ஜின் சீஸ் ஆயிடுச்சு. சென்னை புதுப்பேட்டைல ஒரு ரீபில்ட் என்ஜின் 65,000 ரூபாய்க்குத் தர்றாங்க. கைல 70,000 இருக்கு. சம்பளம் 42,000. வாங்கிடலாமா?"

சுருக்கமான பதில்: இந்த மாசம் வாங்காதீங்க. தாத்தா காரை மறுபடியும் ஓட்டிப் பார்க்கணும்ங்கிற ஆசைக்கு நான் தடை போடல. ஆனா 65,000 என்பது அந்த இரும்போட விலை மட்டும்தான். கார் ரோட்டுக்கு வர்ற விலை வேற. ரெண்டுக்கும் நடுவில்தான் நிறைய பேரோட சேமிப்பு காணாமப் போகுது.

ரீபில்ட் என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்குக் கடைக்குக் கடை ஒரு அர்த்தம். ஒருத்தர் என்ஜினை முழுசா பிரிச்சு, பிளாக்கை அளந்து, போர் பண்ணி, கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்ட் பண்ணி, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு, வால்வு சீட் வேலை பார்த்துத் தருவார். இன்னொருத்தர் ரிங்கும் கேஸ்கெட்டும் மட்டும் மாத்துவார். மூணாவது ஆள் மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி, சில்வர் பெயின்ட் அடிச்சு வைப்பார். மூணுக்கும் பேரு ரீபில்ட்தான்.

வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் டேனரியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். கீறலும் உண்ணிக்கடியும் உள்ள தோலை பஃபிங் பண்ணி, மேல கனமா பிக்மென்ட் ஏத்தினா பார்க்க வழவழன்னு இருக்கும். ஆனா செலக்‌ஷன் பார்க்கிறவர் பளபளப்பைப் பார்த்து விலை போட மாட்டார். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார், தடிமன் அளப்பார். என்ஜினுக்கும் அதே பார்வை வேணும்.

பெயின்ட்டை விட்டுட்டு அளவைக் கேளுங்க

பழைய அம்பாசிடரில் இருக்கிறது பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ் குடும்பத்து 1489 சிசி பெட்ரோல் என்ஜின். சிலிண்டரின் ஒரிஜினல் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை போர் பண்ணும்போதும் இந்த விட்டம் கூடும், சிலிண்டர் சுவர் மெலியும். அதுக்கு ஏத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். ஒரு கட்டத்துக்கு மேல போர் பண்ண இடமே இருக்காது, ஸ்லீவ் போட்டுத்தான் காப்பாத்தணும்.

அதனால விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இப்ப எந்த ஓவர்சைஸில் இருக்கு? அடுத்த போருக்கு இடம் இருக்கா?" கிராங்க்குக்கும் இதே கேள்விதான்: எத்தனை முறை கிரைண்ட் ஆகியிருக்கு, எந்த அண்டர்சைஸ் பேரிங்? உண்மையிலேயே வேலை செஞ்சவருக்கு இந்த நம்பர்கள் தெரிஞ்சிருக்கும். லேத் பட்டறையின் ரசீதும் வெச்சிருப்பார்.

இரண்டாவது கேள்வி வால்வு சீட் பற்றி. அந்தக் காலத்து என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். அதனால ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டிருக்கான்னு கேளுங்க. இப்போ பங்குகளில் வர்ற இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், சீல், கார்புரேட்டர் பாகங்களை அது அரிக்கும். அவற்றை மாற்றும் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்க.

மூன்றாவது, கம்ப்ரஷன் டெஸ்ட். என்ஜின் சூடான பிறகு, நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்கணும். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒன்று மட்டும் குறைஞ்சா அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்க. அளவு ஏறினா ரிங், சிலிண்டர் பக்கம் கோளாறு. ஏறலைன்னா வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருத்தருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. மொத்தச் செலவில் இதைவிட லாபமான செலவு இல்லை.

என்ஜின் நம்பர்: பணத்தைவிடப் பெரிய ரிஸ்க்

உங்க ஆர்சியில் ஒரு என்ஜின் நம்பர் இருக்கு. வாங்கப்போற என்ஜினில் வேற நம்பர் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி என்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ ஒப்புதல் வேணும். மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவிச்சு ஆர்சியில் பதிவு பண்ணணும். 1489 சிசி இருந்த இடத்தில் அதே வகை என்ஜின் போடுறது ஒரு கதை. 1990களில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜினையோ டீசல் என்ஜினையோ போடுறது வேற கதை. அங்கே சிசி, எரிபொருள் எல்லாமே ஆர்சியோட மோதும்.

அந்த என்ஜின் எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதும் முக்கியம். திருட்டு வண்டியோடதா இருந்தா, நீங்க காசு கொடுத்தேன்னு சொன்னாலும் அது உங்க சொத்து ஆகாது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930 சொல்வது இதுதான்: விற்கிறவருக்கு இல்லாத உரிமை வாங்குறவருக்கு வராது. என்ஜினும் போகும், பணமும் போகும், காவல் நிலைய அலைச்சல் மிச்சம்.

அதனால என்ஜின் வந்த வண்டியின் ஆர்சி நகல் அல்லது அந்த ஆர்சி ரத்தான ஆவணத்தைக் கேளுங்க. என்.சி.ஆர்.பி.யின் ஆன்லைன் வாகன விசாரணைச் சேவையில் என்ஜின் நம்பரைத் தேடிப் பாருங்க. நம்பர் இருக்கிற இடத்தில் கிரைண்டர் தடமோ, புதுசா குத்தின எழுத்தோ தெரிஞ்சா, விலை பாதியானாலும் தொடாதீங்க.

பில் வேணாம்னா குறையுமா?

"பில் இல்லாம எடுத்தா ஜிஎஸ்டி மிச்சம் சார்" என்று கண்டிப்பா சொல்வாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 65,000-க்கு 11,700 ரூபாய். பெரிய தொகைதான், நான் மறுக்கல.

ஆனா அந்த 11,700 உங்களுக்கு என்ன வாங்கித் தருதுன்னு பாருங்க. ஆர்டிஓவில் காட்ட ஆதாரம். திருட்டுப் பிரச்சினை வந்தா நீங்க நேர்மையா வாங்கினதுக்குச் சாட்சி. என்ஜின் ரெண்டே மாசத்தில் புகை கக்கினா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி. அங்கே 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போகலாம். கடைக்காரர் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தா ஜிஎஸ்டியைத் தனியா வசூலிக்க மாட்டார், 'பில் ஆஃப் சப்ளை' தருவார். அதுவும் செல்லும்.

பில்லில் 'ஓல்டு என்ஜின் ஒன்று' என்று மட்டும் எழுதினா போதாது. என்ஜின் நம்பர், செஞ்ச வேலைகள், ஓவர்சைஸ் அளவு, எத்தனை மாசம் அல்லது எத்தனை கிலோமீட்டர் வாரன்டி, இவ்வளவும் வேணும். பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியா, மூணு தவணையா கொடுங்க: அளவு பார்த்ததும் 30 சதவீதம், டெலிவரியில் 40, வண்டியில் ஏத்தி ஓட்டிப் பார்த்ததும் 30. ஒத்துக்காத கடைக்காரரிடம் பேரம் பேசலாம். ஆனா முழுத்தொகையும் முன்பணமா கேட்டா எழுந்து வந்துடுங்க.

இப்போ முழுக் கணக்கு

கீழே இருக்கும் எண்கள் உதாரணத்துக்கு. உங்க மெக்கானிக்கிடம் கேட்டு மாத்திக்கோங்க.

என்ஜின்: 65,000
லோடிங், சென்னையில் இருந்து வண்டி வாடகை: 6,000
கிளட்ச், என்ஜின் மவுன்ட்: 14,000
ரேடியேட்டர் வேலை, வாட்டர் பம்ப், ஹோஸ்கள்: 12,000
இறக்கி ஏத்தும் கூலி, ட்யூனிங்: 15,000
ஆர்சி புதுப்பித்தல்: 10,000
கூட்டினால்: 1,22,000
மறுபடி பிரிக்க வேண்டி வந்தால் என்று 20 சதவீதம்: 24,400
மொத்தம்: 1,46,400

இதில் ஆர்சி வரி மட்டும் உதாரணம் இல்லை. 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாய் ஆக்கியது. ஏற்கெனவே காலாவதியாகியிருந்தா தாமதக் கட்டணமும் சேரலாம். இன்சூரன்ஸ் தனி.

கையில் 70,000. தேவை ஒன்றரை லட்சம். மீதிக்கு பர்சனல் லோன் போடலாமான்னு கேட்பீங்க. முழு ஒன்றரை லட்சத்தையும் 16 சதவீத வட்டியில் மூணு வருஷத்துக்கு எடுத்தா இஎம்ஐ சுமார் 5,274 ரூபாய். கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 1,89,850 போயிருக்கும். வட்டி மட்டும் 40,000 பக்கம். அதுக்குப் பதில் மாசம் 8,000 ரூபாய் ஆர்டி போட்டா பத்தே மாசத்தில் குறையுற 80,000 சேர்ந்துடும். கார் ஏற்கெனவே வருஷக்கணக்கா நிக்குது, இன்னும் பத்து மாசம் நிக்கட்டும். அந்த 70,000-தான் உங்க அவசர நிதின்னா அதைத் தொடவே தொடாதீங்க, கணக்கை பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிங்க.

சொந்த பிளாக்கைக் காப்பாத்த முடியுமா?

இதைப் பெரும்பாலானவங்க கேட்கிறதே இல்லை. சீஸ் ஆன என்ஜின் எல்லாம் செத்த என்ஜின் கிடையாது. பிளாக்கில் விரிசல் இல்லாம, போர் பண்ண இடம் இருந்தா, தாத்தா வண்டியின் ஒரிஜினல் என்ஜினையே வேலூரில் ஒரு நல்ல பட்டறையில் ரீபில்ட் பண்ணலாம். செலவு கொஞ்சம் கூடலாம். ஆனா நம்பர் மாறாது, என்ஜின் மாற்றத்துக்கான ஒப்புதல் வேலை இல்லை, திருட்டுப் பயம் இல்லை, ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே போய்ப் பார்க்கலாம். ஒரிஜினல் நம்பரோட இருக்கும் பழைய காருக்குத்தான் பின்னாடி மதிப்பும் அதிகம். முதல்ல பிரிச்சு அளக்கச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் புதுப்பேட்டைக்கு பஸ் ஏறலாம்.

"50 வருஷம் தாண்டினா வின்டேஜ் பதிவு இருக்கே?" இருக்கு. 2021-ல் வந்த விதிப்படி, ஒரிஜினல் வடிவில் இருக்கும் வண்டிக்கு 'விஏ' வரிசை நம்பர், கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வாராவாரம் குடும்பத்தோட ஏலகிரி போகணும்னா சாதாரணப் பதிவுதான் வேணும்.

இது முதலீடா?

இல்லை. சொந்த உபயோகத்துக்கான கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தில் வராது. லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி இல்லை, நஷ்டம் வந்தா எதிலும் கழிக்கவும் முடியாது. வாங்கிச் சரிபண்ணி விற்கிறதையே தொழிலா செஞ்சா அது வியாபார வருமானம். 2014 மே மாசம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்னது. 2017-ல் பெஜோ கம்பெனி அந்தப் பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பேருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கேன்னு உங்க காருக்கும் அதே கணக்கைப் போடாதீங்க. இது ஆசைக்கான செலவு. அந்தத் தலைப்பிலேயே எழுதி, தாங்குற அளவுக்குச் செலவு பண்ணுங்க.

எந்த வரிசையில் செய்யணும்?

முதல்ல ஆர்சி யார் பேரில் இருக்குன்னு பாருங்க. தாத்தா காலமாகியிருந்தா வாரிசு பேருக்கு மாற்ற படிவம் 31 கொடுக்கணும். பேர் மாறாத வண்டியில் ஒரு ரூபாய்கூட என்ஜினுக்குப் போடாதீங்க. நாளைக்கு வாரிசுகளுக்குள் பேச்சு வந்தா நீங்க போட்ட பணத்துக்குக் கணக்கு கேட்க முடியாது. அடுத்து, சொந்த பிளாக்கை அளக்கிற வேலை. மூணாவது, ஆர்டி. இந்த மூணும் நடந்துட்டு இருக்கும்போதே நல்ல என்ஜினைத் தேடிக்கிட்டு இருங்க. "இன்னிக்கு விட்டா போயிடும்"னு கடைக்காரர் சொன்னா, போகட்டும்னு விடுங்க. அளவும் பேப்பரும் சரியா இருக்கிற என்ஜினுக்காகக் காத்திருக்கலாம்.