மரப்புறாவும் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும்

இங்கிலாந்தின் குடியானவனிடம் அவன் பயிருக்குச் சத்துரு யார் என்று கேட்டால், முயலுக்கும் முன்னதாக மரப்புறாவின் பெயரைச் சொல்லக்கூடும். கோபுர மாடங்களிலும் ரயில் நிலையக் கூரைகளிலும் நாம் நித்தியம் காணும் மாடப்புறாவைவிடப் பருமனானதாய், ஏறத்தாழ அரைக் கிலோ எடையும், விரித்தால் முக்கால் மீட்டர் அகலும் சிறகுகளும், கழுத்தின் இருபுறமும் வெண்திட்டும் உடையதாய் விளங்கும் இப்பறவை, விதைத்த பட்டாணியைப் பொறுக்கி, சாய்ந்துகிடக்கும் பார்லிக் கதிரில் இறங்கி, வேறு பசுமை அகப்படாத பனிக்காலத்தில் கடுகினத்து எண்ணெய்ப் பயிரின் இலைகளை நடுநரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்க்கிறது. பிரிட்டனில் கூடுகட்டும் ஜோடிகள் மட்டுமே சுமார் 50 லட்சம் இருக்கும். ஆகவேதான், பறவைகளுக்குப் பொதுவாகச் சட்டப் பாதுகாப்பு அளித்திருக்கும் அந்நாட்டில், பயிர்ச்சேதத்தைத் தடுக்கும் பொருட்டு மரப்புறாவைச் சுடுவதற்கு அரசாங்கமே நிபந்தனைகளோடு பொது அனுமதி வழங்கி வருகிறது.

அவ்வனுமதியைக் கொண்டு வயலுக்குச் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் தோட்டா போடும் நவீனத் துப்பாக்கியையே எடுத்துச் செல்கிறார்கள். மிகச் சிலர் மட்டும், நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே வழக்கொழிந்துவிட்ட, குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு புறப்படுகிறார்கள். இத்தகையோருக்கென்றே 1952-இல் அங்கே ஒரு சங்கம் ஏற்பட்டு இன்றளவும் நடந்து வருகிறது. நம் ஊர்ப்புறங்களில் நரிக்குறவர் தோளில் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆயுதத்தின் தத்துவம் புதிதன்று. இங்கிலாந்திலோ அது லண்டன் கைவினைஞர்கள் மெருகேற்றிய ஆபரணம்போல் காணப்படும், அவ்வளவே வேற்றுமை.

கெட்டிக்கும் முறையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும், ஏனெனில் இந்த விளையாட்டின் பாதி அதிலேயே அடங்கியிருக்கிறது. பன்னிரண்டாம் எண் துப்பாக்கி என்றால், அதன் குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு ராத்தல் நிறுக்கும் என்று பொருள். குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதற்குள் முதலில் ஏறத்தாழ ஐந்து கிராம் கரிமருந்தை ஓர் அளவுக் கிண்ணத்தால் கொட்டி, அதன்மேல் கெட்டி அட்டை வில்லையும் கொழுப்பில் தோய்ந்த கம்பள வில்லையும் வைத்துச் சலாகையால் இறுக்கி, பின்பு அதே அளவுக் கிண்ணம் நிறைய ரவையைச் சொரிந்து, அது உருண்டு வெளிவராதபடி மெல்லிய அட்டையொன்றால் மூடவேண்டும். கனத்தில் பெரிதும் வேறுபட்டாலும் இடத்தில் மருந்தும் ரவையும் சமமாக இருப்பதே பழைய சம்பிரதாயம். அந்தக் கிண்ணத்தில் கொள்ளும் ரவை சுமார் 32 கிராம், எண்ணினால் முந்நூறு மணிகள். இவ்வளவும் முடிந்து, சலாகையைக் குழலிலிருந்து எடுத்து அதன் இடத்தில் செருகிய பின்னரே, பின்புறத்துக் காம்பின்மீது வெடிக்கும் செப்புக் கேப்பைப் பொருத்தலாம். இந்த வரிசையை மாற்றியவர்களில் விரல் இழந்தோர் உண்டு.

மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றுதல் கூடாது. முந்திய வெடியின் கனல் ஒரு பொட்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் குப்பி முழுவதும் கையிலேயே வெடிக்கும். ஒரு குழலைச் சுட்டுவிட்டு அதை மறுபடி நிரப்பும்போது, சுடாத மற்றக் குழலின் கேப்பை முதலில் கழற்றிவிடவேண்டும். பதற்றத்தில் ஒரே குழலில் இரண்டு தடவை மருந்து கெட்டிப்பதே யாவற்றிலும் பெரிய அபாயமாதலால், ஜாக்கிரதையுள்ளவர்கள் நிறைந்த குழலுக்கு ஓர் அடையாளமும் வெறுங்குழலுக்கு ஓர் அடையாளமும் சலாகையிலேயே கீறி வைத்திருப்பார்கள்.

கரிமருந்து என்பது முக்கால் பங்கு வெடியுப்பும், எஞ்சிய கால் பங்கில் கரியும் கந்தகமும் சேர்ந்த பொடி. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி பீகாரிலிருந்து போயிற்று. மாட்டுத் தொழுவங்களின் ஓரத்திலும் பழைய மண்சுவர்களின் அடியிலும் பூத்த உப்பு மண்ணை நோனியா என்னும் சாதியார் சுரண்டிக் காய்ச்சி எடுத்ததைப் பாட்னாவில் வாங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றியது. ஆங்கிலக் கனவான் தன் தோட்டத்தில் புறாவைக் குறிபார்த்தபோது எரிந்தது நம் தேசத்து ஏழையின் உழைப்பே என்று சொன்னால் அது மிகையாகாது.

அக்காலத்துத் துப்பாக்கியில் கேப் கிடையாது. குதிரையில் கடித்திருந்த சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி சிந்தி, கிண்ணியிலிருந்த ரஞ்சகம் என்னும் பற்றவைப்பு மருந்து தீப்பிடித்து, அந்தத் தீ சிறு துவாரத்தின் வழியே குழலுக்குள் புகுந்த பின்புதான் ரவை புறப்படும். கிண்ணியில் பளிச்சென்று எழும் ஒளியைக் கண்ட மாத்திரத்தில் பறவை உடலைத் திருப்பிவிடும். அபர்தீன் சீமையில் பெல்ஹெல்வி என்னும் கிராமத்துப் பாதிரியாராகிய அலெக்சாண்டர் ஜான் பார்சைத், நீர்ப்பறவைகளைச் சுடப் போகும்போதெல்லாம் இவ்வாறு ஏமாந்து, அடித்தால் வெடிக்கும் ரசாயனத் தூளைக் கொண்டு ஒளியையும் தாமதத்தையும் ஒருங்கே ஒழிக்க முற்பட்டார். 1807-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் கண்ட வழியைப் பலர் திருத்தியமைத்ததன் விளைவாகவே செப்புக் கேப் பிறந்து, 1820-க்குப் பிற்பட்ட வருஷங்களில் எங்கும் பரவியது. உலகத்துச் சேனைகளின் துப்பாக்கிகளையெல்லாம் மாற்றியமைத்த ஒரு கண்டுபிடிப்பு, குறி தப்பிய ஒரு பாதிரியாரின் எரிச்சலில் தொடங்கிற்று என்பது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. 1809-இல் தலவேராப் போரில் காயமுற்றுத் திரும்பி, 1814-இல் இளம் வேட்டைக்காரர்களுக்கென்று பிரசித்தமான நூலொன்றை எழுதி வெளியிட்ட கர்னல் பீட்டர் ஹாக்கர் போன்ற பழுத்த அனுபவசாலிகள்கூடச் சக்கிமுக்கிக்கு அவ்வளவு சுலபமாக விடைகொடுத்துவிடவில்லை.

தாமதம் எவ்வளவு முக்கியமென்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் புறா, 30 மீட்டர் தூரத்தை ரவை கடக்க ஆகும் பத்தில் ஒரு விநாடிக்குள் ஒன்றரை மீட்டருக்கும் அதிகமாக நகர்ந்துவிடும். எனவே பறவையை நோக்கிச் சுடாமல், அது வந்து சேரப்போகும் வெற்றிடத்தை நோக்கிச் சுடவேண்டும். சக்கிமுக்கியும் தன் பங்குக்கு அதே அளவு தாமதித்தால் அந்த இடைவெளி இரட்டிக்கும். போதாக்குறைக்கு, கரிமருந்தின் எடையில் பாதிக்கு மேற்பட்டது வெந்தபின் வாயுவாகாமல் நுண்துகளாக மிஞ்சுவதால், சுட்டவுடன் வெண்புகை திரையாக எழும்பும். காற்றில்லாத நாளில் புறா விழுந்ததா தப்பியதா என்று அறிய, சுட்டவர் பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து எட்டிப் பார்க்கவேண்டியிருக்கும்.

பழங்குழல்களின் வாய் குறுகலாக அமைக்கப்படாதபடியால், ரவை வெகுவிரைவில் சிதறிப் போகும். 25 அல்லது 30 மீட்டருக்கு அப்பால் சுடுதல் பறவையை வீணே காயப்படுத்துவதாகும். ஆகவே புறாவை அருகில் வரவழைப்பதே பிரதான சாமர்த்தியம். சுடச் சென்றவர் முந்தின தினமே வேலியோரம் நின்று, எந்த மரவரிசையைத் தொடர்ந்து பறவைகள் வருகின்றன, வயலின் எம்மூலையில் இறங்குகின்றன என்று கவனித்து வைப்பார். மறுநாள் அவ்வழியில் வலையாலும் தழையாலும் மறைவிடம் கட்டி, எதிரே போலிப் புறாக்களைக் காற்றுக்கு முகம்கொடுத்து லாட வடிவில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விடுவார். பறவை எப்பொழுதும் காற்றை எதிர்த்தே இறங்குமாதலால், அந்த வெற்றிடத்தை நோக்கிச் சிறகை விரித்துத் தாழும். முகம் வெளுப்பாகத் தெரிந்தாலும், துப்பாக்கியை ஒரு க்ஷணம் முன்னதாக உயர்த்தினாலும், உடனே பக்கவாட்டில் சாய்ந்து பறந்துவிடும். பக்கங்களில் அமைந்த அதன் கண்களுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றே. பிப்ரவரி மாதத்து அந்தியில் கூடடையும் தோப்புக்குள் நின்று சுடுவது வேறு முறை. அங்கே போலிப் புறாவுக்கு வேலையில்லை, காற்றின் இரைச்சல்தான் சகாயம்.

பறவையைக் கொல்லும் பொழுதுபோக்கை வியந்து எழுதுவது தகுமா என்று கேட்பவர்களுக்கு நியாயமுண்டு. அமெரிக்காவின் பயணிப் புறா கோடானுகோடியாக வானத்தை மறைத்துப் பறந்தது. ரயிலும் தந்தியும் வியாபாரிகளுக்கு அதன் கூடுகளைக் காட்டிக்கொடுக்க, வலையாலும் துப்பாக்கியாலும் வேரோடழிந்து, அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மாண்டது. இங்கிலாந்தின் மரப்புறாவோ குடியானவனின் பயிரைத் தின்றே பல்கியிருக்கிறது. எனினும், கொன்றதைச் சமைத்து உண்ணாதவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பதே என் அபிப்பிராயம். அதன் கருஞ்சிவப்பு மார்புக் கறியை வாணலியில் வாட்டியும், மாவுக்குள் பொதிந்து சுட்டும் அந்நாட்டார் விருப்பத்தோடு உண்கிறார்கள்.

வீடு திரும்பியவருக்கு அன்றிரவே இன்னொரு வேலை காத்திருக்கும். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்குமாதலால், குழலைக் கழற்றி வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாமல் படுக்கைக்குப் போக முடியாது. இத்தனை பாடுபட்டும் பையில் இருப்பது சில பறவைகளே. தோட்டாத் துப்பாக்கிக்காரர் ஒரே நாளில் நூற்றுக்குமேல் வீழ்த்துவது உண்டு. நிலத்துக்காரருக்கு எவர் வந்தால் பிரயோஜனம் என்று சொல்லவேண்டியதில்லை. அவர் அதையும் நம்பியிராமல், வாயுவை எரித்துத் தானாகவே வெடிக்கும் குழாயொன்றை வயல் நடுவே நிறுத்தியிருப்பார். ஒரு வாரம் போனால் புறாக்கள் அதற்கும் பழகிக்கொண்டு பக்கத்திலேயே மேயும்.