டி.வி-யில் தோன்றியே டி.வி-யை விமர்சித்த தபால்காரர் மகன்!

'நல்லா படிச்சா மேல வந்துடலாம்' என்பார்கள். 'எல்லோருக்கும் அது ஒரே தூரம் இல்லை' என்று ஆதாரத்தோடு சொன்னவர், பிரான்ஸ் சமூகவியலாளர் பியர் பூர்தியு.

1930-ல் கிராமத்தில் பிறந்தவர். அப்பா தபால்காரர். படிப்பால் உயர்ந்து, 1981-ல் பாரிஸின் புகழ்பெற்ற கொலேஜ் து பிரான்ஸில் பேராசிரியரானார். தான் ஏறிவந்த ஏணியையே ஆராய்ந்தார்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சொத்து மட்டுமல்ல, பேச்சும் ரசனையும்கூட வீட்டிலேயே கிடைக்கின்றன. அதைத்தான் பள்ளி 'திறமை' என்று பாராட்டுகிறது. இதற்கு அவர் வைத்த பெயர், 'பண்பாட்டு மூலதனம்'.

1996-ல், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் டி.வி-யில் உரையாற்றினார். ரேட்டிங் போட்டியில் சேனல்கள் ஒரே செய்தியைத் துரத்துகின்றன, நிதானமாக யோசிப்பவருக்கு இடமில்லை என்றார். அந்த உரை புத்தகமாகவும் வந்தது. 2002-ல் மறைந்தார்.

அடுத்த முறை டி.வி விவாதம் பார்க்கும்போது, பேசவே நேரம் கிடைக்காதவர் யார் என்று கவனியுங்கள்!