புதுப் பழக்கத்துக்கு அலாரம் எதுக்கு... ஒரு கொக்கி போதுமே!

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் வெட்டவெளியில் முதல் கல்லை வைக்கவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என ஏற்கெனவே அசையாமல் நின்ற மூன்று மலைகளை மதிலால் இணைத்தார்கள். பாதி வேலையை மலையே பார்த்துக்கொண்டது. 1690-ல் முற்றுகையை ஆரம்பித்த முகலாயப் படை கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. கடந்த 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டிய ராணுவக் கோட்டைகளில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது இது மட்டும்தான்.

நாம் என்ன பண்றோம்? ‘நாளையிலேர்ந்து வாக்கிங், படிப்பு, தியானம்’ என்று வெட்டவெளியில் சுவர் எழுப்புகிறோம். புது ஆப், புது டைரி, காலை 5 மணி அலாரம். நாலாவது நாள் அலாரத்தை அணைக்கிற பழக்கம் மட்டும் நன்றாகப் படிந்திருக்கும்!

இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் சொல்வது நம் கோட்டைக்காரர்களின் வழிதான். ஏற்கெனவே யோசிக்காமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் புது வேலையைக் கொக்கி போட்டு மாட்டிவிடுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி.ஜே.ஃபாக் இதைப் பல வருடங்களாகக் கற்றுத்தருகிறார். ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ 2018-ல் வந்த பிறகு, ‘ஹேபிட் ஸ்டாக்கிங்’ என்ற பெயரில் ரீல்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. ஃபார்முலா ஒரே வரிதான்: ‘இதை முடிச்சதும், அதைச் செய்வேன்.’

‘முடிச்சதும்’ என்பது முக்கியம். பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தை வைத்து 50 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. பல் தேய்ப்பதற்கு முன்பு செய்யச் சொன்னவர்களைவிட, தேய்த்த பிறகு செய்யச் சொன்னவர்களிடம்தான் அது நீடித்தது. முடிந்த வேலையே அடுத்ததை ஞாபகப்படுத்திவிடுகிறது. வேலைக்கு முன்னாடி செய்யணும்னா, நாமேதான் ஞாபகம் வெச்சுக்கணும்.

சரி, இதை முதலில் எங்கே பயன்படுத்தலாம்? என்னைக் கேட்டால், உங்கள் ஜிம் கனவு கொஞ்சம் காத்திருக்கட்டும். வீட்டில் அம்மா, அப்பாவின் பி.பி., சுகர் மாத்திரையில் ஆரம்பியுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. டப்பாவிலிருந்து வாய்க்குப் போவதில்தான் சிக்கல். பி.பி-க்குப் பெரும்பாலும் வலியோ, தொந்தரவோ தெரியாது. அதனால் மாத்திரையும் மறந்துபோகும். அந்த மறதி பல மாதங்கள் நீடித்தால் பக்கவாதம், சிறுநீரக பாதிப்பு வரை கொண்டுபோய் விடலாம்.

‘காலையில போடு’ என்பது கொக்கி இல்லை. காலை என்பது ரொம்பப் பெரிசு. ‘டிபன் தட்டைக் கழுவி வெச்சதும்’ என்பது கொக்கி. மாத்திரை டப்பா பீரோவில் இல்லாமல், தண்ணி படாத மாதிரி தட்டு ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கட்டும். (வீட்டில் குட்டீஸ் இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில்.) ஆனால், மாத்திரைக்கு ஏற்ற கொக்கி வேண்டும். தைராய்டு மாத்திரையைப் பொதுவாக வெறும் வயிற்றில் போடச் சொல்வார்கள். அதைக் காபியோடு கோத்தால் சரிவராது, பல் தேய்த்ததும் போடுவதுதான் பொருத்தம். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். எது எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டே மாட்டுங்கள். ஒருவேளை விட்டுப்போனால், அடுத்த வேளைக்கு ரெண்டாகப் போட்டுவிட வேண்டாம்.

உங்களுக்கும் கொக்கிகள் உண்டு. செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கோ, விழுப்புரத்துக்கோ தினமும் பஸ் ஏறுகிறவர் என்றால், டிக்கெட் வாங்கி பாக்கெட்டில் வைத்ததும் டி.என்.பி.எஸ்.சி கேள்வி ரெண்டே ரெண்டு. இருபது வேண்டாம். நின்றுகொண்டே போகிற நாளிலும் முடிகிற அளவுதான் சரியான அளவு. சீட் கிடைத்தால் கூடப் பாருங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்?

‘21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரங்கள் கவனித்தது. பழக்கம் படிய சராசரியாக 66 நாள்கள் என்றது கணக்கு. ஆளுக்கும் வேலைக்கும் தகுந்தபடி அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை மாறியது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆக, ‘ஸ்ட்ரீக் போச்சே’ என்று மொத்தத்தையும் கைவிட அவசியமில்லை.

மாதம் ஒருமுறை வேலைகளுக்கு தினசரிக் கொக்கி உதவாது. அதற்கும் செஞ்சிப் பக்கம் வழி இருக்கிறது. அமாவாசை என்றால் மேல்மலையனூருக்கும், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் கூட்டம் கிளம்பும். காலண்டர் பார்க்காதவருக்கும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்ததும் அப்பாவின் மாத்திரை அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிவிடுங்கள்.